கோலுக்கு நின்றவர்கள்

சிட்னி ஒலிம்பிக் பற்றி எங்கட ஆட்களிடம் கதை கொடுத்தால் இரண்டு பெயர்தான் வரும். ஒன்று கேத்தி ஃப்ரீமன். தலையையும் சேர்த்து மூடிய உடுப்போடு 2000 செப்ரெம்பர் 25 இரவு 400 மீற்றர் ஓடி வென்றவர். மற்றது இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க. 200 மீற்றரில் வெண்கலம் எடுத்தார். தங்கம் எடுத்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்ட பிறகு அது வெள்ளியாக மாறியது. சுசந்திகாவுக்குக் கை தட்டலாமா கூடாதா என்று ஹோம்புஷ் தமிழ்க் கடை வாசலில் மீன் பையும் கையுமாக நின்று சண்டை பிடித்தவர்களை எனக்குத் தெரியும். "கொடி வேறை, பெட்டை வேறை" என்றார் ஒருவர். "பெட்டையின்ரை தோளிலை கிடக்கிறது என்ன, லேஞ்சியோ?" என்றார் மற்றவர்.

டானி அரன்சுபியா என்ற பெயரை ஒருவரும் சொல்வதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? உதைபந்தாட்ட இறுதியில் தோற்ற அணியின் கோல் கீப்பர். ஸ்பெயினில்கூட அந்த ஆட்டத்தை நினைத்தால் முதலில் ஷாவியைச் சொல்வார்கள், அடுத்து புயோலை. உலகத்துக்கு அது கமரூனின் ஆட்டம், சாமுவேல் எட்டோவின் ஆட்டம். பதினாறு வயதில் கோலுக்கு நின்ற கார்லோஸ் கமெனியின் ஆட்டம். எனக்கு மட்டும் அது அரன்சுபியாவின் ஆட்டமாகவே தங்கிவிட்டது.

அந்தக் கிழமை முழுக்க சிட்னி சொந்த ஊர்த் திருவிழாவில் இருந்தது. ரிக்கற் வைத்திருந்தால் ரெயிலும் பஸ்ஸும் இலவசம். தொண்டர்கள் உயரக் கதிரைகளில் குந்தியிருந்து, ஒலிபெருக்கியில் பகிடி விட்டபடி, சனத்தை வழிநடத்தினார்கள். முன்பின் தெரியாதவர்கள் ரெயிலில் சிரித்துக் கதைத்தார்கள். அதற்கு முன்னும் நான் அப்படி இந்த நகரத்தைக் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. மெல்பேர்னில் தொழிற்சாலை வேலை செய்துகொண்டிருந்த என் நண்பன் 26ஆம் திகதி எம்.சி.ஜி. மைதானத்தில் அரையிறுதி பார்த்துவிட்டு இரவிரவாகத் தொலைபேசி எடுத்தான். கமரூன் ஒரு கோல் பின்தங்கி நின்று, கடைசிப் பத்து நிமிடத்துக்குள் இரண்டு அடித்துச் சிலியை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. "மச்சான், உவங்கள் கடைசி விசில் மட்டும் விடமாட்டாங்கள். இறுதிக்குப் போறதெண்டால் நேரத்துக்கு எழும்பி வந்திடாதை" என்றான்.

30ஆம் திகதி சனிக்கிழமை. எனக்குக் கிடைத்தது கோலுக்குப் பின்னால், ஆக உச்சியில் இருந்த மலிவு இருக்கை. அங்கேயிருந்து பார்த்தால் பந்து தெரிகிறதா இல்லையா என்பதே சந்தேகம். ஆட்கள் அசைவதை வைத்துத்தான் பந்து எங்கே என்று ஊகிக்கவேண்டும். அரங்கில் ஏறக்குறைய ஒரு இலட்சம் சனம். அதில் பாதிக்கு மேல் கமரூன் பக்கம். நானும் அந்தப் பக்கம்தான். சின்ன நாடு, ஆபிரிக்க நாடு. எங்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

இரண்டாவது நிமிடத்தில் ஷாவி ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தார். சில நிமிடத்தில் ஸ்பெயினுக்கு பெனால்டி. அங்குலோ அடித்ததைக் கமெனிப் பொடியன் தடுத்தான். இடைவேளைக்குச் சற்று முன் காப்ரி இரண்டாவதைப் போட்டார். 2–0. முன்வரிசையில் சிலர் எழும்பிப் போகத் தயாரானார்கள். இடைவேளைக்குப் பிறகு ஐந்தே நிமிட இடைவெளியில் எல்லாம் தலைகீழானது. முதலாவது அமாயாவில் பட்டுத் தன் பக்கக் கோலுக்குள்ளேயே போன பந்து. இரண்டாவது எட்டோ அடித்தது. அதற்கப்புறம் காப்ரிக்குச் சிவப்பு அட்டை. கடைசி நேரத்தில் ஹோசே மாரிக்கும் சிவப்பு அட்டை. ஸ்பெயின் ஒன்பது பேரோடு மேலதிக நேரத்துக்குப் போனது.

அப்போது 'கோல்டன் கோல்' காலம். மேலதிக நேரத்தில் எவர் முதலில் அடித்தாலும் அந்த இடத்திலேயே ஆட்டம் முடிந்தது. திருப்பி அடிக்க வாய்ப்பில்லை. பதினொரு பேர் ஒன்பது பேரை அரை மணித்தியாலம் வளைத்து வளைத்து அடித்தார்கள். வருகிற ஒவ்வொரு பந்தும் அந்த மனிதனுக்குக் கடைசிப் பந்தாக இருக்கக்கூடும். இருபத்தொரு வயதுப் பொடியன். உச்சியிலிருந்து எனக்கு அவன் முகம் தெரியவில்லை. கை காட்டுவது தெரிந்தது. இடது பக்கம், வலது பக்கம், முன்னுக்குப் போ, பின்னுக்கு வா என்று ஓயாமல் கை காட்டிக்கொண்டே நின்றான். ஒன்பது பேரை வைத்து பதினொரு பேருக்கான இடத்தை அடைக்கிற வேலை. அந்த முப்பது நிமிடமும் ஒன்றுமே உள்ளே போகவில்லை.

பிறகு பெனால்டி. கமரூன்காரர் ஐந்து பேர் அடித்தார்கள், ஐந்தும் கோல். அமாயா ஒன்றைத் தவறவிட்டார். 5–3. என்னைச் சுற்றி எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள், நானும் குதித்தேன். குதிக்கும்போதே கண் கீழே போய்விட்டது. கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தான் அவன்.

கண் ஏன் அங்கே போனது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உதைபந்தாட்டத்தை நான் கோலுக்குப் பின்னாலிருந்துதான் பார்க்கப் பழகினேன்.

எங்கள் ஊர் மயிலிட்டிக்குக் கிட்ட, கடற்கரையோரம். ஊர் மைதானத்தின் வடக்குக் கோலுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பாகத்தில் கடல். அங்கே பந்து போனால் நீந்தி எடுத்துவர ஒரு பொடியன் வேண்டும். அந்த வேலை என்னுடையது. சம்பளம் இடைவேளையில் ஒரு சோடா. சோளகம் பெயர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் கோலுக்கு நிற்க ஒருத்தனும் விரும்பமாட்டான். தெற்கிலிருந்து அடிக்கிற பந்தைக் காற்று பிடித்துத் தள்ளிக்கொண்டு வரும்; கையால் பிடிக்கப் போனால் நெஞ்சில் வந்து இடிக்கும். அப்படிப்பட்ட கோலுக்கு நின்றவர் என் குஞ்சியப்பு. அப்பாவின் கடைசித் தம்பி. கிழமை நாட்களில் சங்கக்கடையில் சீனியும் மாவும் நிறுத்துக் கொடுப்பார். சனிக்கிழமை பின்னேரம் காக்கிக் காற்சட்டையும் முழங்காலில் சாக்குத் துண்டுமாக வந்து நிற்பார்.

கையுறை என்ற ஒன்றை அவர் கண்டதில்லை. பந்துதான் பெரிய விசயம். உள்ளே பிளடர், வெளியே தோல், நடுவில் வாய். பிளடரின் குழாயை வாயில் வைத்து ஊதி, மடித்துக் கட்டி, உள்ளே செருகி, தோல் வாரை ஊசியால் இழுத்துத் தைக்கவேண்டும். தைத்த இடம் மேடாகத் துருத்திக்கொண்டிருக்கும். அந்த மேடு நெற்றியில் பட்டால் இரண்டு நாளைக்குத் தழும்பு. மழை பெய்தால் தோல் தண்ணீரைக் குடித்து இரட்டிப்புப் பாரம். ஆட்டத்துக்கு முதல் நாளிரவு குஞ்சியப்பு விறாந்தையில் குந்தியிருந்து, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், பந்துக்குக் கொழுப்புப் பூசுவார். விரலால் தையல் தையலாகத் தேய்ப்பார். அந்த வேலையைக் கழகத்தில் வேறொருவரிடமும் கொடுக்கமாட்டார். என்னைத் தொடக்கூட விடமாட்டார். கோலில் கட்டியிருந்தது பழைய மீன் வலை. வடிவான வலை, கோல் விழுந்தால் பந்து அதில் சிக்கித் துடிக்கும்.

ஆட்டம் தொடங்க முன் கோலின் நடுவிலிருந்து நேரே முன்னால் நடந்துபோய், குதியால் மண்ணில் ஒரு கோடு கீறிவிட்டு வருவார். எந்தக் கலவரத்திலும் அந்தக் கோட்டைப் பார்த்தால் தான் நடுவில் நிற்கிறேனா இல்லையா என்று தெரிந்துவிடும். பிற்காலத்தில் தொலைக்காட்சியில் பெரிய பெரிய கீப்பர்களும் இதைச் செய்வதைக் கண்டேன். இவருக்கு ஆர் சொல்லிக்கொடுத்தது என்று தெரியாது. ஒரு கொள்கையும் வைத்திருந்தார்: கோலை விட்டு வெளியே போகக்கூடாது. பந்து பத்து யாருக்கு அங்காலை உருண்டாலும் போகமாட்டார். "என்ரை காணி இது. அங்காலை உள்ளதை உறுதி வைச்சிருக்கிறவன் பார்க்கட்டும்" என்பார். ஊரில் இதற்காக அவரைத் திட்டியவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது; அவர் வெளியே வந்திருந்தால் நாலைந்து கோல்களாவது மிஞ்சியிருக்கும்.

எங்களுடையது சின்னக் கழகம். பாசையூர் சென் அன்ரனிஸ், நாவாந்துறை சென் மேரிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் என்றெல்லாம் சொல்கிற வரிசையில் எங்கள் பெயர் வராது. யாழ்ப்பாணத்துத் துரையப்பா அரங்கில் நடக்கும் பெரிய ஆட்டங்களுக்குப் பார்வையாளர்களாகத்தான் போனோம். அங்கேயும் குஞ்சியப்பு கோலுக்குப் பின்னால்தான் போய் நிற்பார். பந்து மற்றப் பக்கத்தில் நிற்கும்போதும் இவர் பார்ப்பது இந்தப் பக்கக் கீப்பரை. "பந்து இல்லாத நேரம் அவன் என்ன செய்யிறான் எண்டு பார். அதிலைதான் ஆளைப் பிடிக்கலாம்" என்பார். அந்தப் பழக்கத்தை எனக்கும் தொற்றவைத்துவிட்டார். இன்றைக்கும் என்னோடு ரிவியில் ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு என்னால் கரைச்சல். கமெரா கீப்பரைக் காட்டவில்லை என்று புறுபுறுத்துக்கொண்டிருப்பேன்.

ஸ்பானியக் கீப்பர்களை எங்களுக்கு அறிமுகப்படுத்தியது 'ஸ்போர்ட்ஸ்ரார்'. சென்னையிலிருந்து வரும், கைமாறிக் கைமாறி எங்களிடம் சேரும்போது நடுப்பக்கப் படம் போயிருக்கும். குஞ்சியப்புவுக்குப் பிடித்தவர் லூயிஸ் ஆர்கொனாடா. 1982 உலகக் கிண்ணத்தில் தன் சொந்த நாட்டிலேயே அணித்தலைவராகக் கோலுக்கு நின்றவர். வலென்சியாவில் வட அயர்லாந்துக்காரர் வெளியிலிருந்து போட்ட பந்தை அவர் தட்டிவிட, அது ஆம்ஸ்ட்ரோங்கின் காலடியில் போய் விழுந்து ஸ்பெயின் 1–0 தோற்றது. இரண்டு வருடம் கழித்து, 1984 யூன் 27, பாரிஸில் ஐரோப்பியக் கிண்ண இறுதி. பிளாட்டினியின் ஃப்ரீ கிக். பிடித்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்த பந்து அவருடைய வயிற்றுக்குக் கீழால் நழுவிக் கோட்டைத் தாண்டியது. அந்தச் செய்தியை வாசித்துவிட்டு குஞ்சியப்பு சங்கக்கடையில் சீனி நிறுக்கிற தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "பிடிச்ச பந்துதான். பிடிச்ச பந்துதான்." 83 யூலைக் கலவரத்துக்குப் பிந்திய வருடம் அது. ஊரில் கவலைப்பட எத்தனையோ இருந்தது. அவர் அன்று முழுக்க ஆர்கொனாடாவுக்காகக் கவலைப்பட்டார்.

(இதன் தொடர்ச்சி 2008இல் நடந்தது. வியன்னாவில் ஸ்பெயின் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது பதக்கம் கொடுத்தவர் யூஏஃபா தலைவர் பிளாட்டினி. ஒரு ஆட்டம்கூட ஆடாத மாற்றுக் கீப்பர் பாலொப், ஆர்கொனாடாவின் 1984 ஜேர்சியைப் போட்டுக்கொண்டு போய் அதே பிளாட்டினியிடம் பதக்கத்தை வாங்கினார். கீப்பர்கள் ஒரு தனிச் சாதி என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.)

ஸ்பெயினுக்குக் கோலுக்கு நின்ற ஆர்கொனாடா, சுபிசரேட்டா, இரிபார் — மூவருமே பாஸ்க் நாட்டுக்காரர். ஸ்பெயினுக்குள் தனி மொழி, தனி அடையாளம் வைத்திருக்கும் சனம். இது எனக்குத் தெரியவந்தது அவுஸ்திரேலியாவுக்கு வந்த பிறகுதான். 1976 டிசெம்பர் 5, சான் செபஸ்தியான் நகரத்தில் ரியல் சோசியேடாட்டும் அத்லெட்டிக் பில்பாவோவும் மோதின. பிராங்கோ செத்து ஒரு வருடம்தான். பாஸ்க் கொடி இன்னும் தடைசெய்யப்பட்டிருந்தது. ஒரு ஆட்டக்காரரின் சகோதரி தைத்துக் கொடுத்த கொடியை அரங்குக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார்கள். இரண்டு அணித்தலைவர்களும், கொர்ட்டபாரியாவும் கோல் கீப்பர் இரிபாரும், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தார்கள். அடுத்த மாதமே தடை நீங்கியது. 1964இல் ஸ்பெயினுக்கு ஐரோப்பியக் கிண்ணம் எடுத்துக் கொடுத்த கீப்பரும் இதே இரிபார்தான். கொடி வேறை, பெட்டை வேறை என்று சண்டை பிடித்த இரண்டு பேருக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். இருவரும் இது தன் கட்சிக்கே சாட்சி என்றார்கள்.

இரிபார் நின்ற அதே பில்பாவோக் கோலுக்குத்தான் பிறகு அரன்சுபியா வந்தார். அந்தக் கழகம் பாஸ்க் மண்ணில் பிறந்தவரை அல்லது அங்கே ஆட்டம் பழகி வளர்ந்தவரை மட்டுமே சேர்க்கும். எத்தனை கோடி இருந்தாலும் பிரேசிலிலிருந்து ஆள் எடுக்காது. அப்படியிருந்தும் முதல் பிரிவிலிருந்து ஒரு தடவைகூடக் கீழே இறங்காத கழகம். அரன்சுபியா பிறந்தது பக்கத்து ரியோகா மாகாணத்து லொக்ரோஞோவில். பில்பாவோவின் பயிற்சிக் களத்தில் வளர்ந்ததால் உள்ளே வந்தவர். இதை வாசித்தபோது பாசையூரும் நாவாந்துறையும் ஞாபகம் வந்தன. எங்கட பக்கத்தில் இது எழுதாத சட்டம். மருமகனாக வந்தவனைச் சேர்க்கலாமா என்று கழகக் கூட்டத்தில் விடிய விடியப் பேசியிருக்கிறார்கள்.

அரன்சுபியாவின் பொல்லாத காலம், இன்னொரு ஸ்பானியக் கீப்பரான கசியாஸின் காலத்தில் பிறந்தது. 1999இல் நைஜீரியாவில் இளையோர் உலகக் கிண்ணத்தை வென்ற ஸ்பானிய அணியில் இருவரும் இருந்தார்கள். அடுத்த வருடம் மே மாதம் கசியாஸ் பத்தொன்பது வயதில் ரியல் மட்ரிட்டுக்காக ஐரோப்பியக் கழகக் கிண்ணத்தைத் தூக்கினார். செப்ரெம்பரில் அரன்சுபியா சிட்னிக்கு வந்து வெள்ளியோடு திரும்பினார். 2004 ஐரோப்பியக் கிண்ணத்துக்கு மூன்றாவது கீப்பராகப் போனார். ஸ்பெயினின் மூத்த அணிக்கு அவர் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அவருக்கு முன்னால் சிட்னியில் நின்ற ஷாவியும் புயோலும் கப்தெவிலாவும் 2010இல் உலகக் கிண்ணத்தை வென்றபோது அவர் தேப்போர்த்திவோ லா கொருஞாவில் இருந்தார். அந்த அணியோடு கீழ்ப் பிரிவுக்கு இறங்கினார், அதே அணியோடு மேலே ஏறினார், திரும்ப இறங்கினார். கடைசியாக 2013இல் அத்லெட்டிகோ மட்ரிட்டுக்குப் போய், கூர்ட்வாவுக்கு மாற்றாக வாங்கில் இருந்தார். அந்தப் பருவத்தில் அத்லெட்டிகோ லீக் பட்டம் வென்றது. அதோடு ஓய்வு.

சிட்னியில் அவரைத் தோற்கடித்த கமெனிப் பொடியனும் ஸ்பெயினிலேயே குடியேறினான். எஸ்பான்யோல் கழகத்துக்கு எட்டு வருடம், பிறகு மலகா. இருவரும் ஒரே லீகில் வருடக்கணக்காகக் கோலுக்கு நின்றார்கள். ஹோம்புஷ் ஒலிம்பிக் அரங்கில் ஒரு நாள் எதிரெதிராக நின்ற ஆட்கள்.

ஊரில் எங்கள் மைதானம் 1990 யூனில் சண்டையில் போனது. வலிகாமம் வடக்குச் சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டது. 'இரண்டு கிழமையில் திரும்பலாம்' என்று ஆடு மாட்டைக் கட்டு அவிழ்த்துவிட்டுப் போனவர்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. நான் அப்போது சிட்னியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். குஞ்சியப்பு முதலில் முகாமில், பிறகு மருதனாமடத்தில் ஒரு பத்தியில். 95 ஒக்ரோபர் கடைசியில் முழு யாழ்ப்பாணமும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அவரும் நடந்தார். 96இல் திரும்பி வந்தார். வலிகாமத்துக்குத்தான் திரும்பினார், ஊருக்கு அல்ல. ஊர் கம்பி வேலிக்கு அங்காலை.

துரையப்பா அரங்குக்கு நடந்ததை எப்படி எழுதுவது? 1999இல் திருத்த வேலைக்காக நிலத்தைக் கிண்டியபோது எலும்புக்கூடுகள் வந்தன. நாங்கள் கோலுக்குப் பின்னால் நின்று கச்சான் கொறித்துக்கொண்டு ஆட்டம் பார்த்த மண். அதே வருடம் மார்ச்சில் சிட்னியில் ஒலிம்பிக் அரங்கைத் திறந்துவைத்தார்கள். இரண்டு செய்தியும் வெவ்வேறு மாதத்துப் பேப்பரில், ஒரே சமையலறை மேசையில் வாசித்தேன். துரையப்பா அரங்கை இந்திய உதவியோடு புதுக்கி 2016 யூனில் திறந்தார்கள். மோடி டில்லியிலிருந்து காணொளியில் வந்தார். இப்போது அங்கே ஆட்டம் நடக்கிறது. போய்ப் பார்த்தேன். நல்ல புல், நல்ல வெளிச்சம். கோலுக்குப் பின்னால் மட்டும் போகவில்லை.

மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில்தான் விடுபட்டது. குஞ்சியப்பு அதற்கு முதலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய வடக்குக் கோல் நின்ற இடத்தை நான் போய்த் தேடினேன். பற்றைதான். கடலைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. கடலும் கொஞ்சம் உள்ளுக்கு வந்திருந்தது.

சிட்னியிலும் நான் இருந்த இடம் இல்லை. ஒலிம்பிக் முடிந்ததும் அரங்கின் இரண்டு முனைகளிலும் இருந்த உச்சித் தட்டுகளைக் கழற்றிவிட்டார்கள். 110,000 பேர் கொள்ளும் என்று கட்டியது 83,500 அளவுக்குச் சுருங்கியது. என் மலிவு இருக்கை இப்போது வெறும் ஆகாயம். லிவர்பூல் வீதியில் ஸ்பானியக் கிளப்பும் அதைச் சுற்றியிருந்த சாப்பாட்டுக் கடைகளும் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. குரோவேசியர், இத்தாலியர், கிரேக்கர், ஹங்கேரியர் என்று இனத்துக்கொரு கழகம் வைத்து ஆடிய பழைய தேசிய லீக் 2004இல் முடிந்தது. எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் எங்களுக்கு உதைபந்தாட்டம் காட்டிய லெஸ் மரியும் 2017இல் காலமானார். அவர் மரி அல்ல, ஹங்கேரியிலிருந்து ஓடிவந்த அகதிப் பிள்ளை. இங்கே வந்து பெயரை மாற்றிக்கொண்டவர். 1998இல் நாந்த் நகரத்தில் நைஜீரியாவுக்கு எதிராக சுபிசரேட்டா பந்தைத் தன் கோலுக்குள்ளேயே தட்டிவிட்டதை நான் பார்த்தது அந்தத் தொலைக்காட்சியில்தான். நான்கு உலகக் கிண்ணம் ஆடிய மனிதர். அந்தக் கிண்ணத்தோடு ஓய்வு பெற்றுவிட்டார்.

சிட்னி ஒலிம்பிக் அரங்கில் நல்ல இரவுகளும் இருந்தன. 2005 நவம்பர் 16, உலகக் கிண்ணத் தகுதிக்காக உருகுவேயோடு பெனால்டி. அவுஸ்திரேலியர் எல்லோருக்கும் ஞாபகம் அலோயிசி கடைசிப் பந்தை அடித்துவிட்டு ஜேர்சியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடியது. முதலில் இரண்டைத் தடுத்துக் கொடுத்தவர் மார்க் ஷ்வார்ஸர், சிட்னிப் பிள்ளை. அவர் தடுக்காவிட்டால் அலோயிசி ஜேர்சியைக் கழற்றி என்ன செய்வது?

கடைசியாக அங்கே போனது 2023 ஓகஸ்ட் 20, பெண்கள் உலகக் கிண்ண இறுதி. மகள் ரிக்கற் எடுத்துத் தந்தாள். ஸ்பெயின், இங்கிலாந்து. இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகு அதே அரங்கில் மறுபடி ஒரு ஸ்பானியக் கோல் கீப்பர்: கட்டா கோய், மயோர்க்காத் தீவுப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. அந்த உலகக் கிண்ணம் தொடங்கும்போது அவள் மூத்த அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. முந்தின வருடம் பதினைந்து வீராங்கனைகள் பயிற்சி முறை சரியில்லை என்று ஸ்பானிய உதைபந்தாட்டச் சங்கத்துக்குக் கடிதம் எழுதி தேசிய அணியிலிருந்து விலகினார்கள். அதில் சண்ட்ரா பானோஸ், லோலா கய்யார்டோ என்ற இரண்டு கீப்பர்களும் இருந்தார்கள். பானோஸும் கய்யார்டோவும் சிட்னிக்கு வரவில்லை. ஜப்பானிடம் 4–0 என்று அடி வாங்கிய பிறகு அடுத்த ஆட்டத்தில் கோயை இறக்கினார்கள். ஒக்லாந்தில் சுவிற்சர்லாந்தோடு அவளுடைய முதல் ஆட்டம். அதிலேயே நடு மைதானப் பக்கத்திலிருந்து தன் அணிக்காரி பின்னால் தட்டிய பந்து அவளைத் தாண்டிக் கோலுக்குள் உருண்டது. அப்படித் தொடங்கியவள் பதினைந்து நாளில் உலகக் கிண்ண இறுதியில் நிற்கிறாள்.

75,784 பேர். இங்கிலாந்தின் ஹெம்ப் அடித்த பந்து மேல் கம்பத்தில் இடித்தது. ஸ்பெயினின் கர்மோனா 29ஆவது நிமிடத்தில் அடித்த ஒரு கோல்தான் ஆட்டத்தின் கோல். கடைசியில் பதின்மூன்று நிமிடம் மேலதிகமாகக் கொடுத்தார்கள். நான் கை விரலை நெரித்துக்கொண்டிருந்தேன். மகள், "அப்பா, நீங்கள் எந்தப் பக்கம்?" என்றாள். கீப்பர் பக்கம் என்றேன். "எந்தக் கீப்பர்?" அதுவும் சரியான கேள்விதான். ஏனென்றால் இந்தத் தடவை உலகம் தூக்கிவைத்தது தோற்ற கீப்பரை. ஹெர்மோசோவின் பெனால்டியைத் தடுத்த மேரி ஏர்ப்ஸுக்குத்தான் தங்கக் கையுறை விருது. வென்ற கோயைப் பற்றி அடுத்த நாள் பேப்பரில் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. பேப்பர் முழுக்க ருபியாலெஸின் கூத்து. பதக்க மேடையில் ஹெர்மோசோவை உதட்டில் முத்தமிட்டுவிட்டுப் பிறகு தானே பதவியிழந்த சங்கத் தலைவர்.

அரன்சுபியாவின் கணக்கில் ஒன்று மிச்சம் இருக்கிறது. 2011 பெப்ரவரி 20. தேப்போர்த்திவோ அல்மேரியாவில் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றுக்குப் பூச்சியம் பின்தங்கி நின்றது. தொண்ணூறு நிமிடமும் தாண்டி, கடைசி கோர்னர். அரன்சுபியா தன் கோலை அப்படியே விட்டுவிட்டு முழு மைதானத்தையும் ஓடிக் கடந்து, எதிரியின் கோலுக்கு முன்னால் எழும்பித் தலையால் இடித்தார். கோல். ஸ்பானிய லீகில் பெனால்டி அடித்து கோல் போட்ட கீப்பர்கள் முன்பு இருந்தார்கள். ஓடுகிற ஆட்டத்தில் ஒரு கீப்பர் கோல் போட்டது அதுதான் முதல் தடவை. ஊரில் சண்டை முடிந்து தொலைபேசி ஒழுங்காக வேலை செய்த காலம். நான் சந்தோசம் தாங்காமல் யாழ்ப்பாணத்துக்கு, குஞ்சியப்புவுக்கு எடுத்தேன். எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்த மனிதர், காது கொஞ்சம் மந்தம்.

"ஆர் அடிச்சது?"

"கீப்பர், குஞ்சியப்பு. தலையாலை. சிட்னியிலை நான் பார்த்தவன் எண்டு முந்தி எழுதினனே, அவன்."

"கீப்பரோ?"

"ஓம்."

"அப்ப அவன்ரை கோலுக்கு ஆர் நிண்டது?"

"ஒருத்தரும் இல்லை. கடைசி நிமிசம்தானே."

"விசரன்" என்றார். பிறகு கேட்டார், "ஆட்டம் என்ன முடிவு?"

"ஒண்டுக்கு ஒண்டு. சமன்."

"அப்ப தப்பினான். தோத்திருந்தால் என்னெண்டு ஊருக்கை போவான்?"

தேப்போர்த்திவோ அந்தப் பருவம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கோர்னரில்தான் பிழை என்று முடிவே கட்டியிருப்பார்.